திருமணப் படப்பிடிப்பு: கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருமணம் உறுதியாகியிருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் புகைப்படக் கலைஞரை ஏற்பாடு செய்யும் பொறுப்பைப் பெரியவர்கள் எங்கள் இருவரிடமே விட்டிருக்கிறார்கள். இணையத்தில் பலருடைய படங்களைப் பார்த்துவிட்டோம். எல்லோருடைய படங்களும் அழகாகவே இருப்பதால், பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. நேரில் பேசினாலோ, எத்தனை கேமராக்கள், எத்தனை மணி நேரம், ஆல்பத்தில் எத்தனை பக்கங்கள் என்ற எண்ணிக்கைகளையே ஒவ்வொருவரும் முன்வைக்கிறார்கள். அவற்றைக் கொண்டு ஒருவருடைய வேலையின் தரத்தை எப்படி எடைபோடுவது என்பது எங்களுக்குப் புரியவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளும் உள்ளரங்கிலேயே நடக்கவிருக்கின்றன. திருமண நிகழ்ச்சி மாலையில் தொடங்கி இரவு வரை நீளும். என் துணைவராக வரப்போகிறவர் கேமராவைக் கண்டாலே முகம் இறுகிவிடும் இயல்புடையவர். ஆகையால், ஒரு கலைஞரை முடிவு செய்யும் முன் அவரிடம் எவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும், திருமணத்துக்கு முன்பே எங்கள் இருவரையும் வைத்துத் தனியாக எடுக்கும் படப்பிடிப்பால் உண்மையில் பயன் உண்டா, எல்லாம் முடிந்த பிறகு படங்கள் எந்த வடிவில் எங்கள் கைக்கு வர வேண்டும் ஆகிய மூன்றையும் அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (திருமணப் புகைப்படக் கலைஞர்)

வணக்கம், இருவருக்கும் என் வாழ்த்துகள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, ஒரே திருமணத்தின் முழுத் தொகுப்பையும் தொடக்கம் முதல் இறுதி வரை காட்ட முடியுமா என்பதுதான். பொதுவில் வைக்கப்படும் படங்கள் பல ஆண்டு உழைப்பிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாத வேளையில் எடுக்கப்பட்டிருக்கும். உங்களுக்குக் கிடைக்கப்போவதோ நல்ல வேளையும் நெருக்கடியான வேளையும் கலந்த ஒரே நாளின் சில நூறு படங்கள். ஆகவே, உங்கள் அரங்கைப் போன்ற உள்ளரங்கில், இரவு நேரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் தொகுப்பையே கேளுங்கள். வாடிக்கையாளரின் தனியுரிமையைக் கருதி அனுப்பத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அத்தகையவர், அனுமதி தந்த ஒரு குடும்பத்தின் தொகுப்பைத் தம் இடத்தில் வைத்து நேரில் காட்டலாம்.

அந்தத் தொகுப்பைப் பார்க்கும்போது மணமக்களின் தனிப் படங்களை விரைவாகக் கடந்துவிட்டு, கூட்டத்தின் நடுவே எடுத்த படங்களில் நில்லுங்கள். நடந்து வருகிறவர்களின் முகம் மங்காமல் இருக்கிறதா, ஒரே மனிதரின் தோல் நிறம் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்த படத்தில் சாம்பலாகவும் மாறாமல் இருக்கிறதா, மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் பெற்றோரின் முகங்களும் முதியவர்களின் முகங்களும் போதிய அளவு இடம்பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசிக் கேள்வியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் தேடி எடுக்கும் படங்கள் பெரும்பாலும் அவையே.

உள்ளரங்கு என்று சொன்னதால் வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய வகை மஞ்சள் விளக்கின் ஒளி, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் ஏறக்குறைய 3,000 கெல்வினிலும், பகல் ஒளி ஏறக்குறைய 5,500 கெல்வினிலும் இருக்கும். ஒரு முகத்தின் ஒரு பாதியில் சன்னல் ஒளியும் மறுபாதியில் மஞ்சள் விளக்கும் விழுந்தால், கேமராவால் இரண்டையும் ஒருசேரச் சரியாகக் காட்ட இயலாது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். மேடை அலங்காரத்துக்காகப் பொருத்தும் ஊதா, சிவப்பு, நீல எல்இடி விளக்குகள் இதைவிடக் கடினமானவை. அந்த ஒளியில் மற்ற நிறங்கள் ஏறத்தாழ இல்லவே இல்லை என்பதால், முகத்தில் அது மட்டுமே விழுந்திருந்தால் எடிட்டிங்கில் எவ்வளவு முயன்றாலும் தோலின் இயல்பான நிறத்தை மீட்க முடியாது. இதனால்தான் அலங்காரம் செய்கிறவரிடம் வண்ண விளக்குகளைப் பின்னணிச் சுவரில் மட்டும் படும்படி வைக்கச் சொல்லுங்கள் என்றும், மணமக்களின் முகத்துக்கு வெள்ளை ஒளி மட்டுமே வர வேண்டும் என்றும் எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன். கேமராவுக்குச் செலவிடுவதைக் காட்டிலும் இந்த ஒரு சொல் அதிகப் பயன் தரும்.

தரம் குறைந்த எல்இடி விளக்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுழற்சிகளாக வருவதால், அவை நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் எடுக்கும் படத்திலும் வீடியோவிலும் கிடைமட்டக் கருங்கோடுகளாகப் பதிந்துவிடலாம். நிகழ்ச்சிக்கு முன்பே அரங்குக்குச் சென்று சோதனைப் படம் எடுத்துப் பார்க்கும் கலைஞருக்கு இது முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர் உங்கள் அரங்கை நேரில் பார்க்க வருவாரா என்று கேளுங்கள்.

பிளாஷ் ஒளியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். கூரை தாழ்வாகவும் வெண்மையாகவும் இருந்தால், பிளாஷை மேல்நோக்கித் திருப்பி அந்தக் கூரையில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளியில் எடுக்கலாம். கூரை மிக உயரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்த முறை பயன்படாது. தாங்கிகளில் தனி விளக்குகளை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். “உயரமான கூரையுள்ள அரங்கில் எப்படி ஒளியமைப்பீர்கள்?” என்று கேட்டால், இரவு நிகழ்ச்சிகளில் பழகியவர் உடனே தெளிவாக விளக்குவார்.

கேமராக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கேமராவும் ஒரே படத்தை இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிகிறதா, பழுதானால் மாற்றுக் கேமரா கையில் இருக்குமா என்ற இரண்டை மட்டும் கேட்டால் போதும். அதற்கும் மேலாக, நீங்கள் பார்த்து விரும்பிய படங்களை எடுத்தவரே உங்கள் நிகழ்ச்சிக்கு வருவாரா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் பல நிகழ்ச்சிகளை ஏற்கும் பெரிய நிறுவனங்களில் வேறொருவர் வருவது வழக்கம். அப்படியானால் வரப்போகிறவருடைய தொகுப்பைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2 (அண்மையில் திருமணம் ஆனவர்)

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். துணைவர் கேமராவுக்குக் கூச்சப்படுகிறவர் என்பதாலேயே உங்களுக்கு முன்கூட்டிய படப்பிடிப்பு தேவை என்பது என் உறுதியான கருத்து. அதில் கிடைக்கும் படங்கள் இரண்டாம்பட்சம்தான். கலைஞர் எப்படிப் பேசுகிறார், எவ்வளவு அருகில் வருகிறார், எப்போது ஷட்டரை அழுத்துகிறார் என்பவற்றுக்கு உங்கள் துணைவர் பழகிக்கொள்வதும், உங்கள் இருவருக்கும் எந்தக் கோணம் பொருந்துகிறது, எந்தப் பேச்சுக்குச் சிரிப்பு தானாக வருகிறது என்பவற்றைக் கலைஞர் தெரிந்துகொள்வதும்தான் அதன் மெய்யான பலன். திருமண நாளில் இதற்கெல்லாம் யாருக்கும் நேரம் இருக்காது.

கூச்சமுள்ளவரை ஓரிடத்தில் நிறுத்தி “சிரியுங்கள்” என்றால் முகம் மேலும் இறுகும். நடக்கச் சொல்லி, பேசச் சொல்லி, கைகளுக்கு ஏதேனும் வேலை கொடுத்து எடுக்கும் கலைஞரைத் தேடுங்கள். 85 மில்லிமீட்டர் போன்ற லென்ஸைக் கொண்டு சற்றுத் தொலைவிலிருந்து எடுக்கும்போது கேமரா முகத்துக்கு நேரே நீட்டப்படுவதில்லை. முகத்தின் அமைப்பும் இயல்பாக விழும். அகலக் கோண லென்ஸை அருகில் கொண்டுவந்தால் மூக்கும் நெற்றியும் பெரிதாகத் தெரிவதோடு, படத்தின் ஓரத்தில் இருப்பவரின் முகம் இழுபட்டும் காணப்படும். தம் முகமே படத்துக்கு ஏற்றதன்று என்று நம்பியிருக்கும் சிலருக்கு உண்மையில் லென்ஸும் தொலைவும்தான் ஒத்துவரவில்லை என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது.

படப்பிடிப்புக்காகத் தொலைதூர ஊர்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் வழக்கமாகச் சென்று அமரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்; பழகிய இடத்தில் உடல் தானாகத் தளரும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலை, மாலை வேளைகளில் ஒளி பக்கவாட்டில் மென்மையாக விழும். நண்பகலில் ஒளி உச்சியிலிருந்து விழுவதால் கண்குழிகளில் நிழல் தங்கிவிடும். அந்த நேரம்தான் கிடைக்கும் என்றால் மரநிழலையோ கட்டடத்தின் நிழலையோ நாடுங்கள். மிக நுண்ணிய கோடுகள் போட்ட துணிகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் கேமராவின் சென்சாரில் அவை அலை அலையான வேண்டாத வடிவங்களாகப் பதியக்கூடும். பளீரென்ற நிறமுள்ள ஆடை தாடையின் அடிப்பகுதியில் அதே நிறத்தைப் பிரதிபலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. நிச்சயதார்த்தம் முதலில் வருவதால், அதை ஒரே கலைஞரிடம் கொடுத்து, அவர் உள்ளரங்கில் எடுத்த உங்கள் படங்களையே பார்த்த பிறகு திருமணத்தை உறுதி செய்யலாம். திருமணத் தேதி வேறொருவருக்குப் போய்விடும் என்ற அச்சம் இருந்தால், நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்து இத்தனை நாள்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்ற ஒரு நிபந்தனையோடு இரண்டையும் சேர்த்தே பதிவு செய்ய இயலுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3 (ஆல்பம் வடிவமைப்பாளர்)

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பலர் “ரா கோப்புகளைக் கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். அது எதற்கு என்று தெரிந்து கேட்பது நல்லது. ரா கோப்பு என்பது கேமரா சென்சார் பதிந்த தரவு. 14 பிட் ஆழத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 ஒளிநிலைகள் வரை அதில் இருக்கலாம். சாதாரண ஜேபெக் கோப்பில் 256 நிலைகளே உண்டு. அதனால் இருண்ட முகத்தைத் தெளிவாக்கவும் தவறிய நிறத்தைத் திருத்தவும் ராவில் மிகுந்த இடமிருக்கிறது. உங்கள் கலைஞர் ராவில் எடுக்கிறாரா என்று கேட்பது அவசியம். ஆயினும் அது முடிக்கப்படாத பொருள். அதைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும், எடிட் செய்யும் பழக்கமும் வேண்டும். உங்களுக்குத் தேவையானது எடிட் செய்து முடித்த, முழு அளவிலான ஜேபெக் கோப்புகள்.

“முழு அளவு” என்ற சொல்லை எழுத்தில் வாங்குங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 x 4000 பிக்சல்கள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் அதை 20 x 13 அங்குலம் வரை அச்சிடலாம். இணையத்தில் பார்ப்பதற்காகச் சிறிதாக்கிய, 2000 பிக்சல் அகலமுள்ள படம் அதே தரத்தில் ஏழு அங்குலத்துக்கும் குறைவாகவே வரும். கைபேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால், சுவரில் மாட்டப் பெரிதாக அச்சிடும் நாளில்தான் வேறுபாடு புலப்படும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதுவும் சுருக்கப்பட்டுவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுவேன். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்ற 3-2-1 விதியை இத்துறையினர் பின்பற்றுகிறார்கள். கலைஞர் அன்றிரவே படங்களை எங்கே பிரதியெடுப்பார், ஒப்படைத்த பிறகு எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று கேளுங்கள். உங்கள் கைக்கு வந்த பின் அதே விதியை நீங்களும் கடைப்பிடியுங்கள். ஒரே ஒரு பென்டிரைவில் வைத்து அலமாரியில் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது. ஹார்ட் டிஸ்க் எதுவும் நிரந்தரமானதன்று என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுவதும் தேவை.

ஆல்பத்தில் பக்கங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அதன் கட்டமைப்பு முக்கியம். இரு பக்கங்களும் மடிப்பின்றி முழுவதுமாக விரியும் வகையா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரு பக்கத்துக்கும் குறுக்கே வைத்த குழுப் படத்தில் நடுவில் நிற்பவரின் முகம் மடிப்புக்குள் போய்விடும். அச்சுக்குப் போகும் முன் வடிவமைப்பை உங்களிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதும் முடிவாக வேண்டும். முகத்தின் தோலை மிகையாக வழவழப்பாக்காமல் விடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மச்சமும் சுருக்கமும் உள்ள முகம்தான் உங்கள் குடும்பத்தாரின் முகம். அவற்றை அழித்துக் கொடுப்பதை நான் ஒருபோதும் விரும்பியதில்லை.

மறுமொழி 4

மேலே சொல்லப்பட்ட எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள் என்பதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். படங்களின் பதிப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை கலைஞருக்குச் செல்கிறது. ஆனால் தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படங்களைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்குத் தரப்பட்டிருக்கிறது. கனடாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும், சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை கலைஞரே முதல் உரிமையாளர்.

ஆகவே, எங்கு வாழ்ந்தாலும் நீங்கள் தடையின்றி அச்சிடவும் பகிரவும் உரிமை உண்டு என்பதையும், கலைஞர் தம் விளம்பரத்தில் உங்கள் படங்களைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதையும், குறிப்பாகக் குழந்தைகளின் படங்களை என்ன செய்யலாம் என்பதையும் தனித்தனி வரிகளாக எழுதிக்கொள்ளுங்கள். கலைஞர் நோய்வாய்ப்பட்டால் மாற்றாக யார் வருவார், தேதி மாறினால் முன்பணம் என்னவாகும், படங்களும் ஆல்பமும் எந்தத் தேதிக்குள் வரும் என்பவையும் அதில் இருக்க வேண்டும். டிரோன் பறக்கவிடுவதாகச் சொன்னால், அந்த இடத்தில் அதற்கான அனுமதியைப் பெறுவது யார் பொறுப்பு என்று கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இருவரிடம் முழுத் தொகுப்பைக் கேட்டிருக்கிறோம். ஒருவர் இரவு நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பை நேரில் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் ஓர் ஐயம். எங்கள் இரு குடும்பங்களும் பெரியவை. ஒவ்வொரு கிளையாகக் குழுப் படம் வேண்டும் என்று பெரியவர்கள் விரும்புகிறார்கள். அதே வேளையில் எல்லோரும் கைபேசியை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள் என்ற கவலையும் இருக்கிறது. இவ்விரண்டையும் யார் மனமும் நோகாமல் எப்படிக் கையாள்வது?

மறுமொழி 1 (திருமணப் புகைப்படக் கலைஞர்)

கைபேசிகளை முழுவதுமாகத் தடுக்க வேண்டாம். உறவினர்களுக்கு அது அன்பின் வெளிப்பாடு. நிகழ்ச்சியின் முதன்மையான சில நிமிடங்களுக்கு மட்டும் கைபேசிகளைத் தாழ்த்தி வைக்கும்படி, எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவர் தொடக்கத்தில் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். குழுப் படத்தின்போது கலைஞர் எடுத்து முடித்ததும் கைபேசிகளுக்கென்று சில நொடிகள் ஒதுக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒவ்வொருவர் பார்வையும் ஒவ்வொரு கேமராவை நோக்கிப் போய்விடும். கூட்டத்தில் பாதிப் பேர் வேறெங்கோ பார்க்கும் படங்கள் அப்படித்தான் உருவாகின்றன.

குழுப் படங்களுக்கு நேரத்தைக் கணக்கிட்டு ஒதுக்குங்கள். அழைத்து, நிறுத்தி, எடுத்து, அனுப்பி வைக்க ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம் ஆகும் என்று வைத்தால், இருபது குழுக்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நிரலில் இல்லையென்றால் குழுக்களைக் குறைப்பதே நல்லது. இரண்டு மூன்று வரிசைகளாக நிற்கும் குழுவை, லென்ஸின் துளையை எஃப் 2 போன்ற அளவில் அகலமாகத் திறந்து எடுத்தால் பின்வரிசை மங்கிவிடும், துளையை எஃப் 5.6 முதல் 8 வரை சிறிதாக்க வேண்டியிருப்பதால் அதற்கேற்ற ஒளியும் தேவை. ஆகவே குழுப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே ஒளியமைப்பில் தொடர்ச்சியாக எடுக்கும்படி திட்டமிடுங்கள்.

எந்தக் குழுவுக்குப் பின் எந்தக் குழு என்ற பட்டியலை நீங்களே எழுதி, ஒரு வாரம் முன்பே கலைஞரிடம் கொடுங்கள். இரு குடும்பத்திலிருந்தும் உறவினர்களின் முகம் தெரிந்த ஒவ்வொருவரை, அடுத்த குழுவை அழைத்து வந்து தயாராக நிறுத்தும் பொறுப்பில் வையுங்கள். கலைஞருக்கு உங்கள் உறவினர்களைத் தெரியாது. நீண்ட நேரம் நிற்க முடியாத முதியவர்களும் தூக்கம் வந்துவிடும் குழந்தைகளும் உள்ள குழுக்கள் பட்டியலின் தொடக்கத்தில் இருக்கட்டும். நண்பர்கள் கடைசியில் வரலாம், அவர்கள் காத்திருப்பார்கள்.